பெங்குவின் வந்துருச்சா?

எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வரும். அதனால் வியாழன் சாயங்காலமே தொட்டியை உருட்டிக்கொண்டுபோய் ரோட்டோரம் நிறுத்திவிடுவோம். 2020 ஏப்ரலில் ஒரு வியாழன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வெளியே வந்தார். அரக்குக் கலரில் காஞ்சிபுரம் பட்டு, கழுத்தில் அட்டியல், தலையில் தோட்டத்து ரோஜா. கையில் மஞ்சள் மூடி போட்ட குப்பைத் தொட்டி. எதிர் வீட்டுக் கிரேக்கத் தாத்தா வாசலில் நின்று கைதட்டினார். அவரும் கோட்டு, டை எல்லாம் மாட்டியிருந்தார். காலில் மட்டும் வீட்டுச் செருப்பு.

"வேற எங்க உடுத்துக்கொண்டு போறது, சொல்லும் பாப்பம்?" என்றார் அக்கா என்னைப் பார்த்து.

மெல்போர்னின் முதல் லாக்டவுன் காலம் அது. குப்பைத் தொட்டி ஊர்வலம் எங்கள் தெருவின் கண்டுபிடிப்பு இல்லை. குவீன்ஸ்லாந்தில் ஹார்வி பே என்ற ஊரில் ஒரு பெண்மணி விளையாட்டாக ஆரம்பித்த ஃபேஸ்புக் குழு அது. குப்பை போடப் போவதற்கு அலங்காரம் செய்துகொண்டு படம் எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சில வாரங்களில் பத்து லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். டைனோசர், மணப்பெண், போப்பாண்டவர் என்று ஆஸ்திரேலியா முழுக்க வேஷம் கட்டியது. எங்கள் அக்கா படம் எதுவும் போடவில்லை. அந்த வருஷம் அந்தப் பட்டுக்கு வாய்த்த ஒரே விசேஷம் அதுதான்.

மெல்போர்ன் 2020, 2021 இரண்டு வருஷங்களில் ஆறு தடவை பூட்டப்பட்டது. கூட்டினால் 262 நாள். சிட்னிக்கு 2021 ஜூன் 26 முதல் அக்டோபர் 11 வரை ஒரே நீளப் பூட்டு. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு ஓட்டல் அறையில் 14 நாள் குவாரண்டைன். இத்தனை நாளையும் தமிழர்கள் எப்படிக் கழித்தார்கள் என்று இப்போது கேட்டால், முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகுதான் பெருமூச்சு வருகிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தச் சிரிப்பைப் பற்றியது.

2020 மார்ச்சில் அன்றைய பிரதமர் ஸ்காட் மாரிசன், எந்தக் கடை திறக்கலாம், எது கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, தன் மனைவி பிள்ளைகளுக்காக ஜிக்ஸா புதிர்கள் வாங்கி வந்ததைச் சொல்லி, வரும் மாதங்களில் எங்கள் வீட்டுக்கு அவை அத்தியாவசியப் பொருள்தான் என்றார். நாடே கேலி செய்தது. பிறகு கடைக்குப் போய்ப் பார்த்தால் ஜிக்ஸா அலமாரி காலி.

அதே சமயம் வாட்ஸ்அப்பில் பட்டியல்கள் வந்து குவிந்தன. வீட்டிலிருந்தே பார்க்க ஐம்பது அருங்காட்சியகங்கள், இருபது கோட்டைகள், பத்து அரண்மனைகள். நானும் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் விக்டோரியா தேசியக் கலைக்கூடம், காவ்ஸ் என்ற ஓவியரின் கண்காட்சியை இணையத்தில் சுற்றிப் பார்க்க வைத்தது. கண்காட்சியின் பெயரே 'தனிமைக் காலத்தில் தோழமை' என்ற பொருளில் இருக்கும். கொரோனாவுக்கு முன்னாலேயே வைத்த பெயர். அம்புக்குறியை அழுத்தினால் முன்னால் போகலாம். அழுத்தினேன், போனேன். இன்னொரு முறை அழுத்தினேன், சுவரில் முட்டி நின்றேன். அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எனக்குத் தெரிந்து இப்படிப்பட்ட சுற்றுலா எதையும் முடித்தவர் ஒருவர்கூட இல்லை. நாளைக்குப் பார்த்தாலும் அந்தச் சிற்பம் அங்கேயேதான் நிற்கும். அப்புறம் இன்றைக்கு ஏன் பார்க்க வேண்டும்?

ஆனால் 2020 மார்ச் 16ஆம் தேதி மெல்போர்ன் சிம்பனி இசைக்குழு ஹேமர் அரங்கில் வாசித்ததைப் பார்த்தவர்கள் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. ரசிகர்கள் யாரும் வரக்கூடாது என்றானதும், காலி நாற்காலிகளுக்கு முன்னால் 'ஷெஹரஸாத்' முழுவதையும் வாசித்து யூடியூபில் நேரலையாக விட்டார்கள். மேற்கத்திய இசையில் எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது. ஆனாலும் இப்போது, இந்த நிமிஷம், என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இவ்வளவு பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்ற நினைப்பே சோபாவில் கட்டிப்போட்டது. வாசித்து முடித்தபோது கைதட்ட அங்கே யாருமில்லை. வீட்டில் நாங்கள் தட்டினோம்.

கரையேறும் கூட்டம்

ஜூலையில் இரண்டாம் லாக்டவுன் வந்தது. ஆகஸ்ட் 2 முதல் இன்னும் கெடுபிடி. இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே கால் வைக்கக் கூடாது, ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது, உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம், கடைக்கு வீட்டுக்கு ஒருவர். ஊரே இணையத்தில் வரைபடம் போட்டு, தன் வீட்டை மையமாக வைத்து வட்டம் வரைந்தது. எங்கள் வட்டத்துக்குள் ஒரு குளம், இரண்டு இந்திய மளிகைக்கடை, பாதி கோல்ஃப் மைதானம். பக்கத்துத் தெரு நண்பர் வட்டத்துக்குள் கடற்கரை இருந்தது. அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

அந்த ஆகஸ்ட் கடைசியில்தான் பிலிப் தீவுப் பெங்குவின்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன.

மெல்போர்னிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் பிலிப் தீவு. ஊரிலிருந்து யார் வந்தாலும் நாம் கூட்டிப்போகிற இடம். உலகத்திலேயே சிறிய பெங்குவின் இனம் அங்கே இருக்கிறது. ஒரு அடி உயரம், ஒரு கிலோ எடை, நீலம் பாய்ந்த முதுகு. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் கூட்டமாகக் கரையேறி மணல்மேட்டுப் பொந்துக்குப் போகும். அதைப் பார்க்கப் படிக்கட்டுக் காலரி கட்டி டிக்கெட் போட்டிருக்கிறார்கள். வாங்க ஆள் இல்லாமல் போனதும், தீவின் இயற்கைப் பூங்கா நிர்வாகம் கடற்கரையில் கேமரா வைத்து, தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் நேரலை ஆரம்பித்தது. வனக்காவலர் ஒருவர் பக்கத்தில் நின்று பேசுவார்.

முதல் நாள் பத்து நிமிஷம் வெறும் அலை. மகள், "அம்மா, நெட் தொங்கிப்போச்சு" என்றாள். தொங்கவில்லை, பெங்குவின் இன்னும் வரவில்லை. பிறகு நுரைக்குள் கறுப்பாக நாலைந்து புள்ளி. எழுந்து நின்றன. ஓரடி வைத்தன. ஒன்று எதையோ பார்த்து மிரண்டு திரும்ப, மொத்தக் கூட்டமும் விழுந்தடித்துத் தண்ணீருக்குள் ஓடியது. மறுபடி வந்தன, மறுபடி ஓடின. மதுரைப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் உள்ளே நுழையும்போது, ஏறலாமா, இது திருமங்கலம் போகுமா என்று ஒருத்தி தயங்க, பின்னால் வந்த பத்துப் பேரும் தயங்கி நிற்பார்களே, அதே காட்சி. கடைசியில் துணிந்து ஒரே ஓட்டம். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கத்தினோம்.

மதுரையில் அம்மாவுக்கு லிங்கை அனுப்பினேன். அங்கேயும் ஊரடங்குதான். எங்களுக்குச் சாயங்காலம் ஆறு என்றால் அவளுக்குப் பகல் ஒன்றரை, சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு உட்காருகிற நேரம். மறுநாளிலிருந்து தினமும் அவளே போன் செய்தாள்.

"ஏண்டி, பெங்குவின் வந்துருச்சா?"

"இன்னும் இல்லம்மா, அலைதான் தெரியுது."

"சரி சரி, வை. நான் பாக்குறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு முன்பு அந்த வருஷம் நாங்கள் பேசியதெல்லாம் யாருக்கு ஜுரம், எந்தத் தெருவுக்குத் தகரம் அடித்தார்கள் என்பது மட்டும்தான்.

பெங்குவினுக்கு முன்பே மெல்போர்ன் மிருகக்காட்சிச் சாலை பனிச்சிறுத்தைக் குட்டிகளுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் கேமரா வைத்தது. சிட்னியின் டரோங்கா மிருகக்காட்சிச் சாலையும் தனி சேனலே தொடங்கியது. சிறுத்தைக் குட்டிகள் பெரும்பாலும் தூங்கின. அதையும் பார்த்தோம்.

ஆனால் அலுவலகத்து ஆட்களைப் பைத்தியமாக்கியது காலின்ஸ் தெரு பைரிகள். 367, காலின்ஸ் தெரு என்பது நகரத்தின் நடுவில் ஒரு வானளாவிய கட்டடம். அதன் மேல்மாடி விளிம்பில் 1991லிருந்து ஒரு ஜோடி பைரி முட்டையிட்டு வருகிறது. ஒன்று செத்தால் இன்னொன்று வந்து சேர்ந்து, அந்த இடம் மட்டும் மாறுவதில்லை. பைரி கூடு கட்டாத பறவை. பாறை விளிம்பு போதும். இங்கே முதலில் தகரத்தில் முட்டையிட்டு வீணாகிப்போக, பறவை ஆய்வாளர் ஒருவர் சரளைக்கல் பரப்பிய தட்டு ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார். அதில்தான் வம்சம் வளர்கிறது. பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவை அது. இங்கே அதற்குச் சாப்பாடு நகரத்துப் புறாக்கள். ஆகஸ்ட் கடைசியில் முட்டை, அக்டோபர் வாக்கில் குஞ்சு. இரண்டு வருஷமும் மெல்போர்ன் பூட்டியிருந்த மாதங்கள் சரியாக இவைதான். ஊழியர் ஒருவரும் வராத அந்தக் கட்டடத்துக்கு அந்த ஜோடி மட்டும் தவறாமல் வேலைக்கு வந்தது. கேமராவில் பார்க்கிறவர்கள் ஃபேஸ்புக்கில் கூடி, தாய் எப்போது எழுந்தது, தகப்பன் எத்தனை நிமிஷம் அடைகாத்தது என்றெல்லாம் கணக்கு வைத்தார்கள். என் கணவர் வேலை பார்க்கும் டீமில் காலை மீட்டிங்கே குஞ்சு நிலவரத்தோடுதான் தொடங்கும்.

தாலிச் சரடும் மரக்கரண்டியும்

2020 மே 4, திங்கட்கிழமை. மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம். சித்திரைத் திருவிழா ரத்து. அழகர் வைகையில் இறங்கவில்லை. கல்யாணத்தை மட்டும் கோயிலுக்குள்ளேயே சில பட்டர்களை வைத்து நடத்தி இணையத்தில் நேரலை விட்டார்கள். மதுரைப் பெண்கள் அந்த முகூர்த்தத்தில் தாலிச் சரடு மாற்றிக்கொள்வது வழக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பதினோரு வருஷத்தில் நான் ஒருமுறைகூட அந்த நேரத்துக்கு மாற்றியதில்லை. நேர வித்தியாசம், ஆபீஸ், மறதி எல்லாம்தான் காரணம். அன்று மதியச் சாப்பாட்டு வேளையில் சமையல்மேடையில் லேப்டாப்பை வைத்து, ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு நின்றேன். ஒரு காதில் அமெரிக்க மேனேஜர் விற்பனைக் கணக்கு சொல்கிறார். இன்னொரு காதில் நாதஸ்வரம். கெட்டிமேளம் கொட்டியதும் முடிச்சுப் போட்டேன். போனில் அம்மா, "போட்டுட்டியா?" என்றாள். ஊரில் இருந்தவர்களும் அன்றைக்குக் கோயிலுக்குப் போக முடியாமல் வீட்டில் டிவி முன்னால்தான் நின்றார்கள். மதுரைக்கும் மெல்போர்னுக்கும் தூரம் ஒன்றாகிவிட்ட நாள் அது.

குழந்தைகள் உலகம் தனி. முதல் லாக்டவுனில் ஜன்னல்தோறும் டெடி பேர் பொம்மை வைத்தார்கள். வாக்கிங் போகும் குழந்தைகள் எண்ணிக்கொண்டே போகும். இரண்டாவதில் ஸ்பூன்வில் வந்தது. இங்கிலாந்திலிருந்து பரவிய யோசனை. மரக்கரண்டிக்குக் கண், மூக்கு வரைந்து, துணி சுற்றிப் பூங்கா ஓரத்தில் நட்டு வைக்க வேண்டும். அடுத்தவர் வந்து பக்கத்தில் இன்னொன்றை நடுவார். பத்து நாளில் ஒரு கரண்டி ஊரே உருவாகிவிடும். எங்கள் பூங்காவிலும் மந்திரவாதி, போலீஸ்காரர், எங்கள் மாநிலத்தின் அன்றைய பிரீமியர் டேனியல் ஆண்ட்ரூஸ் எல்லோரும் கரண்டியாக நின்றார்கள். அக்டோபர் 17க்கு நவராத்திரி தொடங்க, என் மகள் பாவாடை கட்டிய கரண்டி, மடிசார் கரண்டி, மீசை வைத்த செட்டியார் கரண்டி என்று செய்து மூன்று செங்கல்லைப் படியாக அடுக்கிக் கொலுவே வைத்துவிட்டாள். வழியில் போனவர்களுக்குக் கொலு என்றால் தெரியாது. ஆனால் நின்று பார்த்தார்கள். செட்டியாருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கங்காருவை வைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக் கொலுவுக்கு வீடியோவில் அழைத்தோம். எல்லோரும் வந்தார்கள், பாடினார்கள். பாட்டு இரண்டு விநாடி தாமதமாக வந்து சேர்ந்ததால், கூடப் பாடலாம் என்று ஒருவர் ஆரம்பித்தால் எட்டு வீட்டில் எட்டுத் தாளம். இலவசக் கணக்கில் நாற்பது நிமிஷத்தில் ஜூம் தானே கட்டாகிவிடும். மங்களம் பாடுவதற்குள் பலமுறை கட்டாகியிருக்கிறது. சுண்டலை மட்டும் வட்டத்துக்குள் இருந்தவர்களுக்கு வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு ஓடிவந்தோம்.

அந்த நவராத்திரியின் விஜயதசமி அன்றுதான், அக்டோபர் 26, விக்டோரியாவில் புதுத் தொற்று பூஜ்யம், மரணம் பூஜ்யம். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரே நாளில் எழுநூறைத் தொட்ட ஊர். இங்கே பூஜ்யம் வந்த நாளுக்கு 'டோனட் நாள்' என்று பெயர்; வட்டமாக நடுவில் ஓட்டையோடு இருக்கிறதே. பேக்கரிகளில் டோனட் பறந்தது. எங்கள் வீட்டில் நைவேத்தியத்துக்குச் சுட்டிருந்த உளுந்து வடையும் அதே வடிவம்தான்.

இரண்டாயிரம் நடை

சிட்னியில் எனக்கு ஒரு நண்பர். 2020 கடைசியில் திருச்சியில் அப்பா தவறிவிட்டார். போய்க் காரியம் முடித்துத் திரும்பி, 2021 ஜனவரி நடுவில் சிட்னி ஓட்டலில் 14 நாள். கட்டணம் மூவாயிரம் டாலர். ஜன்னல் திறக்காது. மூன்று வேளையும் கதவுக்கு வெளியே பழுப்புக் காகிதப் பையில் சாப்பாடு வைக்கும் சத்தம்தான் கடிகாரம். (அதே வருஷம் பிரிஸ்பேன் ஓட்டலில் ஒருவர் இந்தக் காகிதப் பைகளைச் சேர்த்துக் கௌபாய் உடுப்பும் தைத்து, முழு உருவக் குதிரையும் செய்து, அதற்கு ரஸல் என்று பெயர் வைத்து உலகப் புகழ் பெற்றார். அதே ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு வந்த 72 டென்னிஸ் ஆட்டக்காரர்கள் அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்றாகி, மெத்தையைச் சுவரில் சாய்த்துப் பந்தடித்தார்கள்.)

நண்பருக்கு முதல் நாட்களில் துணை பிரிஸ்பேன் டெஸ்ட். நெட்டில் பந்து வீச வந்த சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும், சென்னை வாஷிங்டன் சுந்தரும் ஒரே ஆட்டத்தில் டெஸ்ட் தொப்பி வாங்கினார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். சுந்தர் 62 ரன்னும் அடித்தார். ஜனவரி 19 அன்று இந்தியா ஜெயித்தபோது இவர் தனி அறையில் கத்திய கத்தலுக்கு, பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டினார். இவரும் பதிலுக்குத் தட்டினார். முகம் தெரியாத அந்த மனிதரோடு மீதி நாளெல்லாம் காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்று தட்டிக்கொண்டார்களாம்.

ஜனவரி 28, தைப்பூசம், பௌர்ணமி. நண்பரின் அப்பா மாதம் தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போனவர். பதினான்கு கிலோமீட்டர். கொரோனா வந்ததிலிருந்து பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊரிலேயே தடை இருந்த நேரம். இவர் கைச்சாணால் அளந்து பார்த்திருக்கிறார். கதவிலிருந்து ஜன்னல் வரை ஏழு மீட்டர். அப்படியானால் இரண்டாயிரம் நடை. யூடியூபில் யாரோ பைக்கில் போய் எடுத்த கிரிவலப் பாதை வீடியோவை டிவியில் ஓடவிட்டு, இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று வரும்போது நின்று கும்பிட்டு, மறுபடி நடை. நூறு நடைக்கு ஒரு டீ பாக்கெட் எடுத்து மேஜையில் வைத்துக் கணக்கு. ராத்திரி ஒரு மணிக்கு இருபதாவது பாக்கெட். "செருப்பில்லாமத்தான் நடந்தேன். கார்ப்பெட்டுன்றதால தேய்ஞ்சுதான் போச்சு, பொத்துக்கலை" என்றார்.

எல்லோராலும் இப்படி விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடிந்ததா என்றால், இல்லை. 2021 மே 3 முதல் 15 வரை இந்தியாவிலிருந்து திரும்புவது ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கே ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றமாக இருந்தது. அந்த நாட்களில் பெங்குவின் பார்க்கும் மனநிலையில் எங்கள் வட்டத்தில் யாருமில்லை. அதே நாட்டில்தான், முந்தைய செப்டம்பரில், குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியில் ஏற்றி, உளுரு பாறைக்கு மேலே தாழப் பறந்து காட்டிவிட்டு மறுபடி சிட்னியிலேயே இறக்கிவிடும் ஏழு மணி நேரப் பயணத்துக்கு டிக்கெட் விற்றது. பத்தே நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்தன. எங்கும் போகாத விமானத்துக்கு அடிதடி. ஊருக்குப் போக வேண்டியவனுக்கு விமானம் இல்லை.

2021 சிட்னி லாக்டவுனில் மேற்குப் பக்கத்துப் பன்னிரண்டு கவுன்சில்களுக்கு மட்டும் தனிக் கெடுபிடி. கம்பர்லேண்ட், பரமட்டா, பிளாக்டவுன், ஸ்ட்ராத்ஃபீல்டு. வெண்ட்வொர்த்வில், டூங்காபி, ஹோம்புஷ் என்று தமிழர்கள் கூடி வாழும் பகுதிகள் அத்தனையும் அந்தக் கோட்டுக்குள். தெருவில் ராணுவ வீரர்கள், ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஊரடங்கு. கிழக்கே கடற்கரையில் ஜனங்கள் வெயில் காயும் படத்தை டிவியில் பார்த்து வயிறெரிந்தார்கள். நியாயமான எரிச்சல்தான்.

அவர்களுக்கும் ஒரு பறவை கிடைத்தது. சிட்னி ஒலிம்பிக் பூங்காவில் உயர்ந்த யூகலிப்டஸ் மரத்தில் வெண்வயிற்றுக் கடற்கழுகு ஜோடி ஒன்றின் கூடு. பேர்ட்லைஃப் அமைப்பு வருஷக்கணக்காக அங்கே கேமரா வைத்திருக்கிறது. டூங்காபியில் தோழி வீட்டில் முல்லைத்தீவுக்காரரான அவள் அப்பா அதை முதல்முறை பார்த்ததும், "உது எங்கட கழுகெல்லோ!" என்றாராம். உண்மைதான். இந்தியக் கரையிலிருந்து இலங்கை வழியாக ஆஸ்திரேலியா வரை அது ஒரே இனம். பிறகு டேப்லெட் அவர் கையை விட்டு இறங்கவில்லை. கூடு அவர்கள் வட்டத்துக்கு வெளியே. லாக்டவுன் முடியும்வரை நேரில் போய்ப் பார்க்க முடியாது.

அந்த ஜூலையில் மாஸ்டர்செஃப் இறுதிப் போட்டியில் மெல்போர்ன் வங்காளப் பெண் கிஷ்வர் சௌத்ரி, நடுவர்களுக்கு முன்னால் பழைய சோற்றை வைத்தார். அவர்கள் ஊரில் 'பாந்தா பாத்'. புகையூட்டிய நீர்ச்சோறு, மசித்த உருளைக்கிழங்கு, மத்தி மீன். மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் மறுநாள் காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினாலு வீட்டுப் பழைய சோறு படமாக வந்தது. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கூடவே. பத்து வருஷமாகத் தமிழ்ச் சாப்பாடே வேண்டாம் என்ற பையன்கள் கேட்டு வாங்கிக் குடித்தார்களாம்.

அடுத்த வாரம், ஜூலை 22, 'சார்பட்டா பரம்பரை' அமேசானில் வந்தது. அன்று சிட்னியும் மெல்போர்னும் இரண்டுமே பூட்டு. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற படத்தை, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்பது வீடுகள் சேர்ந்து பார்ப்பதென்று ஏற்பாடு. போனை ஸ்பீக்கரில் போட்டு, "மூணு, ரெண்டு, ஒண்ணு, அமுக்கு!" பரமட்டாக்காரர் நாலு விநாடி முந்திக்கொண்டார். எங்கள் திரையில் குத்துச்சண்டைக்காரர் டான்சிங் ரோஸ் இன்னும் மேடையேறவே இல்லை, அவர் வீட்டில் விசில் பறக்கிறது. "ஏங்க, கொஞ்சம் நிறுத்தி வைங்க!" என்று எட்டு வீடும் கத்தியது. நிறுத்தினார். இப்போது எல்லோருக்கும் பின்னால் போய்விட்டார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படத்தை மூன்றரை மணி நேரம் பார்த்தோம்.

அக்டோபர் 21 நள்ளிரவோடு மெல்போர்னின் ஆறாவது பூட்டும் திறந்தது. டிசம்பரில் ஒருநாள் பிலிப் தீவுக்குப் போனோம். கோடை என்று பெயர், கடற்காற்று எலும்பில் இறங்கியது. படிக்கட்டுக் காலரியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கே கேமராவுக்கும் போனுக்கும் அனுமதி இல்லை. வெளிச்சம் பட்டால் பறவை மிரளும். இருட்டில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. மகள் கிசுகிசுத்தாள், "வீட்டுல இன்னும் நல்லாத் தெரியும்மா." ஒன்பது மணிக்கு மேல் முதல் கூட்டம் கரையேறியது. எண்ணினேன். இருட்டுக்குள் போனதை விட்டுவிட்டால், முப்பத்தொன்று.

கார் பார்க்கிங்கில் வந்து போனைத் திறந்தேன். மதுரையிலிருந்து அரை மணி நேரத்துக்கு முன்பே அம்மாவின் செய்தி வந்து கிடந்தது.

"நான் நாப்பத்திரெண்டு எண்ணுனேன். நீ எத்தனை பாத்த?"